விளக்கம் கேட்கப்பட்டது

சிறைச்சாலை, பெண்கள் பிரிவு
மார்ச் 5

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். நலமில்லை என்று எழுதினால் இரண்டு நாள் சாப்பிட மாட்டாய். அதனால் உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் வைத்துக்கொள். நீயும் உன் வீட்டுக்காரியும், உங்கள் தலையில் நான் கட்டிவிட்டு வந்த என் வாயாடி மகளும் எப்படி இருக்கிறீர்கள்? அவள் மருந்துக்கடை வேலைக்கு ஒழுங்காகப் போகிறாளா? காலையில் அவளை எழுப்ப ஒரு ஊரே வேண்டும். உன் வீட்டுக்காரியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

இங்கிருந்து போகும் கடிதம், இங்கே வரும் கடிதம் எல்லாவற்றையும் அலுவலகத்தில் படித்து முத்திரை குத்துகிறார்கள். படிக்கும் அம்மாவுக்கு என் வணக்கம். கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை நடந்ததை உனக்குச் சொல்லியாக வேண்டும். அதே கட்டடத்தில்தான் நீ மாடியில் தட்டச்சு அறையில் இருந்தாய். கீழே வந்து ஒரு முறை எட்டிப் பார்ப்பாய் என்று நினைத்தேன். வேலை இருந்திருக்கும். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. குறைதான், ஆனாலும் சொல்லவில்லை.

ஏழு பேரை வரிசையாக நிறுத்தினார்கள். எல்லோரும் என்னைப் போலத்தான். சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே விட்டு, வாராவாரம் கையெழுத்துப் போடச் சொன்னால், அதில் தவறியவர்கள். என் முறை வந்தது. கண்காணிப்பு அதிகாரி எழுந்து, "மூணு திங்கட்கிழமை கையெழுத்துப் போட வரல" என்றார். நீதிபதி தன் முன்னால் இருந்த தாளைப் படித்தார். பிறகு என் கோப்பைப் புரட்டினார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார் பார், நான் ஏதோ அவர் சட்டைப் பையிலேயே கையை விட்டது போல. குனிந்து பேனாவால் என்னவோ எழுதினார். "பதினெட்டு மாசம். முழுசா."

நான், "ஐயா, ஒரு வார்த்தை பேசணும்" என்றேன்.

"அதான் சொல்லியாச்சே" என்றார்.

என்ன சொல்லியாச்சு? யார் சொன்னது? நான் வாயைத் திறந்ததே அப்போதுதான். அதற்குள் காவலுக்கு வந்த பெண் என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். எல்லாம் சேர்த்து நாலு நிமிடம். சுவரில் கடிகாரம் இருந்தது. கடிகாரம் கண்ணில் பட்டால் நான் பார்க்காமல் இருக்க மாட்டேன் என்று உனக்கே தெரியும், மூன்றாவது திருட்டு வழக்கே அதற்குத்தானே.

தம்பி, எனக்கு அந்த உத்தரவின் நகல் வேண்டும். நீ அங்கேயே வேலை பார்ப்பவன், எழுதிக் கொடுத்தால் ஒரு நாளில் கிடைக்கும். அதை அனுப்பு.

உன் அக்கா

*

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். வீட்டில் எல்லோரும் நலம். வாயாடி வேலைக்குப் போகிறாள். தினமும் பேருந்தைத் தவறவிட்டுவிட்டு ஓட்டுநரைத் திட்டுகிறாள். அவளுக்காக உன் வீட்டிலிருந்து மெத்தையைக் கொண்டுவந்து ஹாலில் போட்டிருக்கிறோம். நீ யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. இத்துடன் சோப்பு, எண்ணெய், உன் மூக்குக்கண்ணாடி எல்லாம் அனுப்பியிருக்கிறேன். கண்ணாடியின் ஒரு காலை ஒட்டித்தான் அனுப்புகிறேன், பார்த்து மடி.

அன்றைக்குக் கீழே வர முடியவில்லை. வேலை அதிகம்.

நகல் பிரிவில் ஆள் குறைவு, கொஞ்ச நாள் ஆகும். அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன், கவனமாகக் கேள். எங்கள் தலைமை எழுத்தரிடம் பொதுவாகப் பேசிப் பார்த்தேன், நீ யார் என்று சொல்லவில்லை. சிறை அலுவலகத்தில் மன்னிப்பு மனு என்று ஒரு படிவம் இருக்கிறது. தவறை முழுவதும் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதே நீதிபதி தண்டனையைக் குறைப்பார். பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு இறங்கிவிடும். பதினெட்டு எங்கே, ஆறு எங்கே? செப்டம்பர் பிறந்ததும் நீ வீட்டில் இருப்பாய்.

படிவத்தில் என்ன இருந்தாலும் படித்துக் குழப்பிக்கொள்ளாதே. எல்லாம் வழக்கமான வாசகங்கள். உன் பிடிவாதத்தை ஆறு மாதத்துக்கு மூட்டை கட்டி வை அக்கா. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

உன் தம்பி

*

மார்ச் 19

தம்பிக்கு,

சோப்பும் கண்ணாடியும் வந்தன. கண்ணாடி வந்தது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் நகலும் வந்தது.

உன் நகல் பிரிவில் ஆள் குறைவெல்லாம் இல்லை. வாயாடி மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் எழுதிக் கொடுத்து, மறுநாள் வாங்கிவிட்டாள். நேற்று பார்க்க வந்தபோது கண்ணாடித் தடுப்பில் ஒவ்வொரு பக்கமாக ஒட்டிப் பிடித்தாள். நான் இந்தப் பக்கமிருந்து படித்தேன்.

அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன், எதிரி என்றால் நான்தான். "எதிரி நேரில் ஆஜர். விளக்கம் கேட்கப்பட்டது. தன் தாயார் உடல்நலமின்றிப் படுக்கையில் இருப்பதாகவும், அவரைக் கவனித்துக்கொண்டதால் கையெழுத்திட வர இயலவில்லை என்றும் எதிரி தெரிவித்தார். விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை." இதெல்லாம் அச்சில். கீழே பேனாவில்: "எதிரியின் தாயார் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே இறந்ததாகக் கண்காணிப்பு அறிக்கையில் உள்ளது. நீதிமன்றத்தை ஏமாற்ற முயன்றதால் முழுத் தண்டனை."

இப்போது புரிகிறதா அந்தப் பார்வை?

தம்பி, நான் திருடி. இரண்டு படுக்கை விரிப்பு, ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு சுவர்க் கடிகாரம். மூன்று தடவையும் கேட்டவுடன் ஆமாம் என்று சொன்னவள். கடையில் பொருளைப் பார்த்தால் கை போய்விடுகிறது, அதற்கு நான் யாரையும் குறை சொன்னதில்லை. ஆனால் செத்துப்போன அம்மாவைப் படுக்கையில் கிடத்தி, அவளைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கும் அளவுக்கு நான் கேடுகெட்டவள் இல்லை. அம்மாவுக்கு முதுகில் புண் வந்து பதினோரு மாதம் துடைத்து மருந்து போட்டது இந்தக் கை. எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

நீ சொன்ன படிவத்தையும் வாங்கிப் பார்த்தேன். மூன்றாவது வரி: "நான் நீதிமன்றத்தில் பொய்யான விளக்கம் அளித்ததை ஒப்புக்கொள்கிறேன்." இதுதான் வழக்கமான வாசகமா? படிவத்தை மடித்து ஜன்னல் ஆடாமல் இருக்கச் செருகி வைத்திருக்கிறேன்.

நகலின் கடைசியில் பொடி எழுத்தில் "தட்டச்சர் 4" என்று இருக்கிறது. உன் அறையில் இருக்கும் ஐந்து பேரில் நாலாம் எண் யார்? அந்த ஆளிடம் கேட்டுச் சொல், இந்தக் கதையை எங்கிருந்து எடுத்தாய் என்று.

அக்கா

*

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கோபமாக இருக்கிறாய். நியாயம்தான். ஆனால் இதைக் கிளறிக்கொண்டே போனால் உனக்குத்தான் நஷ்டம்.

நான் இந்தக் கட்டடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். நாலாவது தடவையாக வந்து நிற்பவர் சொல்வதை யாரும் காது கொடுத்துக் கேட்டு நான் பார்த்ததில்லை. மூன்று திங்கட்கிழமை நீ போகவில்லை என்பது உண்மையா இல்லையா? உண்மை. அப்புறம் எதை எழுதினால் என்ன, எதை எழுதாவிட்டால் என்ன? முடிவு ஒன்றுதான். மேல்முறையீடு என்று போனால் ஏழெட்டு மாதம் இழுக்கும். படிவத்தில் கையெழுத்துப் போட்டால் ஆறே மாதம்.

தட்டச்சர் எண் எல்லாம் அடிக்கடி மாறும். யார் என்று இப்போது சொல்ல முடியாது.

என் வீட்டுக்காரிக்கும் பயமாக இருக்கிறது. வரும் ஜூனில் எனக்குத் தலைமை எழுத்தர் பதவி வர வேண்டும். இந்த நேரத்தில் உன் பெயரும் என் பெயரும் ஒரே தாளில் வந்தால் என்ன ஆகும் என்று நீயே யோசி. எனக்காக இல்லாவிட்டாலும் வாயாடிக்காக அந்த ஜன்னலிலிருந்து படிவத்தை எடு.

உன் தம்பி

*

மார்ச் 30

தம்பிக்கு,

நாலாவது தடவை என்றால் காது தேவையில்லை என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? பத்தொன்பது வருடம் அங்கே உட்கார்ந்து நீ இதைத்தான் கற்றுக்கொண்டாயா?

நான் மூன்று திங்கட்கிழமை போகவில்லை. உண்மை. ஏன் போகவில்லை என்று உனக்காவது தெரியுமா? நீயும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முதல் திங்கள், பழைய கண்காணிப்பு அலுவலகத்துக்குப் போனேன். கதவில் பூட்டு. அலுவலகம் இடம் மாறிவிட்டது என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. இரண்டு பேருந்து மாறி புது இடத்துக்குப் போனபோது மணி மூன்றரை. மூன்றோடு மூடிவிட்டார்களாம். அங்கிருந்த காவலாளி நோட்டில் என் பெயரை எழுதி வைத்திருக்கிறார். இரண்டாவது திங்கள், நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரண்டு இயந்திரம் பழுது. நாலு வார்டு போர்வை மலை மாதிரி குவிந்து கிடந்தது. மேற்பார்வையாளர் விடவில்லை. அலுவலகத்துக்குப் போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

மூன்றாவது திங்கள் எனக்குப் போகப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். பேருந்தில் ஏறி அந்த நிறுத்தத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரை போய், அதே பேருந்தில் திரும்பி வந்தேன். வெயில் இதமாக இருந்தது. தப்புதான். அதற்கு என்ன தண்டனையோ கொடுக்கட்டும். ஆனால் அந்தத் தப்பு என்னுடையது. அதை என் வாயால் சொல்லிவிட்டு, அதற்கான தண்டனையைத்தான் நான் அனுபவிப்பேன். எவனோ எனக்காகச் சொன்ன பொய்க்கு நான் ஒரு நாள்கூட உள்ளே இருக்க மாட்டேன், ஆறு மாதத்துக்கா கையெழுத்துப் போடுவேன்?

இலவசச் சட்ட உதவி வக்கீல் ஒருவர் வந்து பார்த்தார். சின்ன வயது, தொண்டை கட்டினவர், மெதுவாகத்தான் பேசினார். "என்னைக் கேட்கவில்லை" என்ற ஒரே காரணத்தை வைத்து மேல்முறையீடு எழுதியிருக்கிறார். "ஆனா உத்தரவுல கேட்டதா இருக்கேம்மா. விசாரணைக்கு முன்னாடியே அதை டைப் அடிச்சிட்டாங்கன்னு யாராவது சொன்னாத்தான் நிக்கும்" என்றார். எனக்கு அந்த நாலாம் நம்பர் வேண்டும்.

நீ மழுப்புகிறாய் தம்பி. சின்ன வயதிலிருந்தே நீ பொய் சொல்லும்போது "நீயே யோசி" என்பாய். யாரைக் காப்பாற்றுகிறாய்? அந்த ஆள் உனக்கு என்னைவிட வேண்டியவரா?

அக்கா

*

ஏப்ரல் 6

அக்காவுக்கு,

நாலாம் எண் நான்தான்.

எங்கள் அலுவலக வழக்கம் இது. திங்கட்கிழமை வரப்போகிற கண்காணிப்பு மீறல் வழக்குகளின் பட்டியலைத் தலைமை எழுத்தர் வெள்ளிக்கிழமையே தட்டச்சு அறைக்குத் தந்துவிடுவார். உத்தரவுகளை அன்றே அடித்து வைத்துவிடுவோம். "விளக்கம் கேட்கப்பட்டது", "ஏற்கத்தக்கதாக இல்லை" இரண்டும் படிவத்தில் ஏற்கெனவே இருக்கும். நடுவில் விளக்கம் என்ற இடத்தை நாங்கள் நிரப்புவோம். உடல்நலக் குறைவு, பேருந்து கிடைக்கவில்லை, வேலைப்பளு, ஞாபக மறதி. இந்த நாலையும் மாற்றி மாற்றிப் போடுவோம். மாதத்துக்கு மட்டும் இடம் விட்டு வைப்போம். நீதிபதி திங்கட்கிழமை எண்ணை எழுதிக் கையெழுத்திடுவார். ஏழு பேரையும் அரை மணி நேரத்தில் முடிக்க வேறு வழியில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். நானும் நினைத்தேன்.

உன் பெயர் பிப்ரவரி 27-ஆம் தேதிப் பட்டியலில் ஐந்தாவதாக வந்தது. உத்தரவை அன்று பிற்பகல் அடித்தேன். அம்மாவைப் பற்றிய வரி நான் எழுதியது. உன்னை யாரும் எதுவும் கேட்பதற்கு மூன்று நாள் முன்பு எழுதியது.

இந்தக் கடிதத்தைச் சிறை அலுவலகத்தில் படித்து முத்திரை குத்துவார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அதற்காகவே நேரில் வந்து சொல்லாமல் எழுதுகிறேன். வக்கீலிடம் கொடுத்துவிடு. யார் கேட்டாலும் இதையே சொல்வேன்.

இப்படிக்கு,
தட்டச்சர் எண் 4, நீதிமன்றத் தட்டச்சுப் பிரிவு
உன் தம்பி

*

ஏப்ரல் 11

தம்பிக்கு,

உன் கடிதம் முத்திரையோடு வந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்த அலுவலக அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு நாள் முழுக்க நான் யாரோடும் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பக்கத்துப் பாயில் இருப்பவள் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். உன்னைப் பற்றி என்னென்னவோ மனதில் தீர்ப்பு எழுதினேன். இனி அவன் எனக்குத் தம்பியே இல்லை என்றுகூட ஒரு தடவை எழுதிவிட்டேன். எழுதி முடித்த பிறகு உறைத்தது. உன்னைக் கேட்காமலே எழுதியிருக்கிறேன். அப்படி எழுதினால் நான் எந்த வாயை வைத்துக்கொண்டு மேல்முறையீடு போடுவது?

அதனால் கடிதத்தை இன்னும் வக்கீலிடம் கொடுக்கவில்லை. அது போனால் உன் வேலைக்கு ஆபத்து. அதற்கு முன்னால் உன்னைக் கேட்கிறேன். உன்மேல் மூன்று குற்றச்சாட்டு. என் பெயரைப் பட்டியலில் பார்த்தும், இவள் என் அக்கா, இதை நான் அடிக்க மாட்டேன் என்று ஏன் எழுந்து சொல்லவில்லை? இது ஒன்று. ஊரில் இல்லாத சாக்கெல்லாம் இருக்க, அம்மாவை ஏன் இழுத்தாய்? இது இரண்டு. எல்லாம் தெரிந்தும், பொய் சொன்னது நான்தான் என்று என்னையே கையெழுத்துப் போட வைக்கப் பார்த்தாய். இது மூன்று.

ஏழு நாள் தருகிறேன். விளக்கம் எழுது. உனக்காக யாரும் எழுதக் கூடாது. உன் வீட்டுக்காரி சொல்லிக் கொடுத்தும் எழுதாதே. முழுவதும் படித்த பிறகுதான் முடிவு.

அக்கா

*

ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழு நாள் தேவைப்படவில்லை.

முதல் கேள்விக்குப் பதில், வெட்கம். அலுவலகத்தில் யாருக்கும் உன்னைப் பற்றித் தெரியாது. அக்கா வெளியூரில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தேன். பத்தொன்பது வருடமாக நீ வெளியூரில்தான் இருந்தாய்.

அம்மா விஷயத்தைச் சொல்கிறேன். உன் பெயரைப் பார்த்ததும் கை ஓடவில்லை. பேருந்து கிடைக்கவில்லை என்று அடித்தேன். அழித்தேன். ஞாபக மறதி என்று அடித்தேன், அழித்தேன். எல்லோருக்கும் போடுகிற அந்த நாலு சாக்கில் ஒன்றை உனக்குப் போட மனம் வரவில்லை. நீதிபதி படித்துவிட்டு ஒரு நிமிடமாவது யோசிக்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று தோன்றியது. உன்னைப் பற்றி நல்லதாக என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். அம்மாவை நீ பார்த்துக்கொண்டதுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பதினோரு மாதமும் நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து, கட்டில் ஓரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனேன். நீ என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதை எங்காவது எழுதிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை அக்கா. எழுதினேன். அம்மா இறந்துவிட்டது கோப்பில் இருக்கும் என்று யோசிக்கவே இல்லை. வழக்கமான சாக்கைப் போட்டிருந்தால் உனக்கு ஐந்தாறு மாதத்தோடு போயிருக்கும். மற்ற ஆறு பேருக்கும் அப்படித்தான் போயிற்று. என் நல்ல எண்ணம் உனக்கு ஒரு வருடத்தைக் கூட்டிவிட்டது.

அன்று கீழே வராததற்கும் காரணம் இதுதான். மாடிப்படியின் வளைவு வரை வந்தேன். பதினெட்டு என்று காதில் விழுந்ததும் திரும்பி ஏறிவிட்டேன்.

மூன்றாவதற்கு விளக்கம் இல்லை. ஆறு மாதம், வாயாடி, உன் நலம் என்றெல்லாம் எழுதினேன். அதெல்லாம் மேலே தூவியது. நீ கையெழுத்துப் போட்டுவிட்டால் வெள்ளிக்கிழமை வழக்கம் வெளியே வராது, நாலாம் எண் யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். எனக்காகத்தான் உன்னைப் போடச் சொன்னேன்.

வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள், "நீங்களே நேர்ல போய்ச் சொல்லியிருக்கலாம், காகிதத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிட்டீங்க" என்றாள். அதனால் நேற்று தலைமை எழுத்தரின் மேசைக்கு முன்னால் போய் நின்று, ஐந்தாம் எண் வழக்கில் வந்த பெண் என் கூடப் பிறந்த அக்கா என்று சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதை ஏம்ப்பா இப்ப சொல்ற?" என்றார். "இப்பவாவது சொல்றேன் சார்" என்றேன். அறையில் மற்ற நாலு விசைப்பலகையும் நின்றுவிட்டன. எனக்குக் கால் நடுங்கியது. ஆனாலும் உட்காரவில்லை.

கடிதத்தை வக்கீலிடம் கொடு.

உன் தம்பி

*

ஜூன் 10

தம்பிக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் உண்டு. விசாரணை முடியாமல் தீர்ப்பு எழுதக் கூடாது என்று இருந்தேன், என் விசாரணையும் உன்னுடையதும்.

உன் கடிதத்தை மேல் நீதிமன்றத்தில் வாசித்ததும் உத்தரவை ரத்து செய்து, மறுபடி முதலிலிருந்து கேட்கச் சொல்லிவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். அன்று என்னோடு நின்ற ஆறு பேரையும் மறுபடி கூப்பிட்டுக் கேட்கிறார்கள். அதில் ஒருவன் என்னை நீதிமன்ற வராந்தாவில் பார்த்துக் கும்பிட்டான். "எனக்கு ஞாபக மறதின்னு எழுதியிருந்தாங்கக்கா, எனக்கு எதுவுமே மறக்காது" என்றான்.

நேற்று முன்தினம் என் முறை. வேறு நீதிபதி. வயதானவர், மேசையில் இருந்த தாள் வெறும் தாள். "என்னம்மா, ஏன் போகல? சொல்லுங்க" என்றார். தம்பி, இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். அத்தனை மாதம் மனதுக்குள் வழக்காடிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. அவர் காத்திருந்தார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு சொன்னேன். முதல் திங்களுக்குக் காவலாளியின் நோட்டு வந்திருந்தது. இரண்டாவது திங்களுக்குச் சலவைக்கூட மேற்பார்வையாளரே வந்து, ஆமாம், நான்தான் விடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

"மூணாவது?"

"போகப் பிடிக்கல ஐயா."

வக்கீல் கோப்பை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். நீதிபதி, "பிடிக்கலைன்னா?" என்றார். "பேருந்துல கடைசி வரைக்கும் போயிட்டு வந்தேன் ஐயா. தப்புதான். அதுக்கு நீங்க கொடுக்கிறதை வாங்கிக்கிறேன். அதுக்கு மட்டும்" என்றேன். அவர் அதை அப்படியே தன் கையால் எழுதி, என்னையே படிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். முதல் இரண்டு நாளும் என் குற்றமில்லை. மூன்று திருட்டுக்குப் பிறகும் நம்பி வெளியே விட்டதை நான் மதிக்கவில்லை, அதற்குப் பத்து மாதம். ஏற்கெனவே உள்ளே இருந்த நாள் அதில் கழியும். அம்மாவைப் பற்றிய வரியைக் கோப்பிலிருந்து நீக்கச் சொல்லித் தனியாக எழுதினார். நான் நீதிபதியைக் கும்பிட்டதே அதற்காகத்தான்.

வெளியே வந்ததும் வக்கீல், "மனு போட்டிருந்தா ஆறு மாசத்துல போயிருப்பீங்கம்மா" என்று வருத்தப்பட்டார். "இந்தப் பத்தும் என்னுதுங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. சின்னவர், போகப் போகப் புரியும்.

உன்னைப் பணியிடை நீக்கம் செய்திருப்பதை வாயாடி சொன்னாள். அழுதாள், பிறகு உன் மேலதிகாரிகளைத் திட்டினாள். உன் விசாரணைக்கு நாள் குறித்திருக்கிறார்களாமே. ஒன்று சொல்கிறேன். வெள்ளிக்கிழமை வழக்கம் உன்னோடு தொடங்கியதில்லை. உன் ஒருவன் தலையில் எல்லாவற்றையும் கட்டி, அடித்துத் தயாராக வைத்த தாள் ஒன்றை நீட்டினாலும் நீட்டுவார்கள். பேனாவைத் தொடாதே. முதலில் கேளுங்கள் என்று சொல். கால் நடுங்கினால் நடுங்கட்டும்.

இனி என் முடிவு. உன் விளக்கத்தை இந்த இரண்டு மாதத்தில் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

வெட்கப்பட்டதைத் தள்ளுபடி செய்கிறேன். திருடிக்குத் தம்பியாக இருப்பது லேசான வேலையில்லை. அம்மாவை இழுத்ததைத் தள்ளுபடி செய்ய முடியவில்லை. ஆனால் ஏன் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டுப் போர்வையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். அந்தப் பதினோரு மாதத்தை யாருமே பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் எச்சரித்து விடுகிறேன். இனி என் சார்பாக நீ எதையும் எங்கும் எழுதாதே. நல்லதைக்கூட எழுதாதே.

மூன்றாவது குற்றம் நிரூபணம். நீயே ஒப்புக்கொண்டாய், அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டேன். ஆனாலும் நீ எனக்குத் தம்பியாக எழுதிய கடிதத்தில், நாலாம் எண்ணாக இருந்து என்னைப் பொய்க்காரி ஆக்கப் பார்த்தாய். அதைச் சும்மா விட்டால் என்னையே நான் மதிக்க முடியாது. தண்டனை இது. நான் உள்ளே இருக்கும் வரை நீ என்னைப் பார்க்க வரக் கூடாது. வாயாடி வரட்டும். உன் வீட்டுக்காரி கட்டாயம் வரட்டும், அவளோடு நான் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. நீ கடிதம் எழுதலாம், தடையில்லை. விடுதலையாகிற அன்று நான் நேராக உன் வீட்டுக்குத்தான் வருவேன். கதவை நீதான் வந்து திறக்க வேண்டும்.

இந்தத் தண்டனை அதிகம் என்று நினைத்தாலோ, நான் எதையாவது கவனிக்காமல் விட்டிருந்தாலோ எழுது. இது இன்னும் முடிவான தீர்ப்பு இல்லை. நீ சொல்வதைக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். அதனால் இந்தக் கடிதத்தின் கீழே இடத்தைக் காலியாக விட்டு அனுப்புகிறேன்.